இரவல் வாளும் வெல்வெட் கோட்டும்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

(மத்திய இங்கிலாந்தின் ஒரு கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, ஓராண்டு ஹை ஷெரீஃபாக, அதாவது சட்டம், நீதி விஷயங்களில் மன்னரின் பிரதிநிதியாக இருந்தேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.)

ஷெரீஃப் என்றால் குதிரை, துப்பாக்கி எல்லாம் உண்டா? யாரையாவது கைது செய்தீர்களா, டாக்டர்?
— கல்லூரி மாணவர் ஒருவர்

இல்லை தம்பி. அது அமெரிக்க ஷெரீஃப். ஸ்காட்லாந்திலோ ஷெரீஃப் என்றால் நீதிபதி. இங்கிலாந்தில் இது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பதவி. 'ஷயர் ரீவ்', அதாவது கவுண்டியின் மணியக்காரர். வரி வசூல், திருடனைப் பிடிப்பது, படை திரட்டுவது எல்லாம் அவர் கையில் இருந்தன. அவருடைய ஆட்டத்தை அடக்கவே, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனத்தில் பல பிரிவுகள் உண்டு. ராபின் ஹூட் கதையின் வில்லனும் ஒரு ஷெரீஃப்தானே! பிறகு அதிகாரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புக் கடன்களை வசூலிக்கும் பொறுப்பும் 2004-இல் வேறு அதிகாரிகளிடம் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது ஒரு வாள். அதுவும் இரவல்.

மன்னர் ஊசியால் குத்தித் தேர்ந்தெடுப்பாராமே, உண்மையா?

உண்மைதான். நவம்பரில் லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸில் கவுண்டிக்கு மூன்று பெயர்களை வாசிப்பார்கள். மார்ச்சில் மன்னரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் கூடும்போது, வெள்ளிக் குத்தூசியால் தோல் சுருளில் அந்த ஆண்டுக்குரியவரின் பெயருக்கு நேராக மன்னர் ஒரு துளை போடுவார். முதலாம் எலிசபெத் தோட்டத்தில் தையல் வேலையாக இருந்தபோது பேனா இல்லாமல் கையிலிருந்த ஊசியால் குத்தினார், அதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். கதை அழகுதான். ஆனால் அவருடைய தாத்தா ஏழாம் ஹென்றி காலத்திலேயே துளையிட்ட சுருள் இருக்கிறது. செலவுக்குப் பயந்து ஓடப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். மையைச் சுரண்டிவிடலாம், துளையை என்ன செய்வது?

சம்பளம் எவ்வளவு?

பூஜ்யம். பெட்ரோல், உடை, விருந்து எல்லாம் கைக்காசு. என் மனைவி கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். தொகையை இங்கே வெளியிட அவள் அனுமதிக்கவில்லை. வசதி உள்ளவர்தான் இந்தப் பதவியை ஏற்க முடியும் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அதிகாரமும் இல்லை, சம்பளமும் இல்லை. பிறகு எதற்கு அந்த வேஷம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியை

அம்மா, முதல் நாள் கண்ணாடி முன்னால் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டேன். கறுப்பு வெல்வெட் கோட்டு, முழங்காலோடு நின்றுவிடும் கால்சராய், கழுத்தில் லேஸ், இரும்பு பக்கிள் வைத்த ஷூ. அறுபத்து மூன்று வயதில்!

விடை கிடைத்தது பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில். ஹை ஷெரீஃப் நீதிபதிக்குப் பக்கத்திலேயே அமர்ந்து வழக்கைக் கேட்கலாம். ஒருநாள் இடைவேளையில் கீழே இறங்கினேன். சாட்சிகள் காத்திருக்கும் அறையில் ஒரு தன்னார்வலர், எழுபதைத் தாண்டிய பெண்மணி. நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார். வழக்கைப் பற்றி மட்டும் பேசக் கூடாது, அது விதி. முந்தைய வாரமே அவனைக் காலிக் கோர்ட்டுக்குள் கூட்டிப்போய், "நீ இங்கே நிற்பாய், அவர் அங்கே உட்காருவார்" என்று காட்டியிருக்கிறார். பதினான்கு வருஷமாக இந்த வேலை. மேல்மாடியில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. நீதிபதியைக் கீழே அழைத்து வந்து அறிமுகம் செய்தேன். வெறும் டாக்டராக நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா? அந்த லேஸுக்கு அன்றுதான் மரியாதை கொடுத்தேன்.

இன்னொன்று. குற்றவாளியைப் பிடிக்கத் துணிந்து உதவியவருக்குப் பணப் பரிசு தர நீதிபதி உத்தரவிடலாம். 1826-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கொடுப்பவர் ஷெரீஃப். ஒரு பஸ் டிரைவருக்கு அப்படிக் கொடுத்தேன். அந்தக் காசை மட்டும் கருவூலம் திருப்பித் தந்துவிடும்!

தப்பும் செய்திருக்கிறேன். இலவச உணவு கொடுக்கும் ஒரு இடத்துக்கு வாளோடு போய் நின்றேன். வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு குழந்தை, "நீ கடற்கொள்ளைக்காரனா?" என்றது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட இடங்களுக்குச் சாதாரண கோட்டும் பதவிச் சின்னமும்தான். போனால் முதலில் பாத்திரம் கழுவுவேன். பேச்சு தானாக வரும்.

என் பெயரை முன்மொழிய விரும்புவதாகச் சொல்கிறார்கள். வயது 58, கடை வைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளலாமா?
— லெஸ்டர் வாசகர்

கவுண்டிக்குள் நிலம் இருக்க வேண்டும் என்கிறது 1887-ஆம் ஆண்டுச் சட்டம். எம்.பி.க்கள், மதகுருக்கள், முழுநேர நீதிபதிகளுக்கு இடமில்லை. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. முறை வரச் சில வருஷம் ஆகும், அதற்குள் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் பழக்குங்கள். மாலை நேரங்கள் உங்களுடையவையாக இருக்காது. மன்னர் மறைந்தால் வாரிசின் பெயரைக் கவுண்டியில் பிரகடனம் செய்வதும் நீங்கள்தான். 2022 செப்டம்பரில் அன்றைய ஷெரீஃப்கள் செய்தார்கள். இப்போதைக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டு, பக்கத்துக் கோர்ட்டின் பார்வையாளர் வரிசையில் போய் உட்காருங்கள். சலிப்புத் தட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

தட்டவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோட்டு அலமாரியில்தான் தொங்குகிறது. இடுப்பு 38.