மலையே இல்லாத ஊரில் மாதாந்த மலையேற்ற இலக்கு வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் அக்கரைப்பற்றுக்காரர். வார இறுதியில் மட்டும் சைக்கிள் ஓட்டுகிறார். மாதம் மொத்தம் 2000 மீற்றர் உயரம் ஏறவேண்டும் என்று செயலியில் இலக்கு வைத்து மூன்று மாதமாகத் தோற்றுவிட்டாராம். இலக்கைக் குறைப்பதா, மலையுள்ள ஊருக்கு வீடு மாறுவதா என்று பாதி விளையாட்டாகக் கேட்கிறார். இரண்டும் வேண்டாம். நீங்கள் எண்ணுகிற பொருள்தான் பிழை. அதை மாற்றுங்கள்.

நான் மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதி. வயது நாற்பத்து நான்கு, மேசையடி உத்தியோகம், சைக்கிளோடு சேர்த்து எடை 92 கிலோ. வீட்டு வாசலில் நின்று பார்த்தால் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மிக உயரமான பொருள் தென்னைமரம். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நானும் உங்களைப் போலவே 2000 மீற்றர் என்று எழுதி வைத்தவன்தான். எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே குன்றில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, எவரெஸ்ட்டின் 8848 மீற்றரைச் சேர்த்துவிடுகிற ஒரு பைத்தியக்கார வழக்கம் சைக்கிளோட்டிகளிடம் உண்டு. அதைப் படித்துவிட்டு, எங்களுக்குக் குன்று இல்லாவிட்டால் என்ன, கல்லடிப் பாலம் இருக்கிறதே என்று கிளம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாற்பது முறை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தேன். மீன்பிடிக்க வந்தவர்கள் தூண்டிலை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் செயலியின் ஏற்றக் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பல செயலிகள் நீங்கள் நிற்கும் புள்ளியை நிலவரைபடத்தில் வைத்து, அந்தத் தரையின் உயரத்தைத்தான் எடுக்கின்றன. பாலத்துக்குக் கீழே வாவி. ஆகவே நான் நாற்பது முறை தண்ணீர் மட்டத்தில் நீந்தியிருக்கிறேன்.

பிறகு காற்றழுத்தமானி உள்ள ஒரு கருவியை இரவல் வாங்கினேன். அது எதிர்த்திசையில் பொய் சொன்னது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் அந்தக் கருவி அதை ஏறக்குறைய 8 மீற்றர் ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் வெப்பவலயத்தில் காலை பத்து மணி அளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் நான்கு மணி அளவில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கியிருக்கும். அதாவது பத்து மணிக்குக் கருவியை மேசையில் வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், நீங்கள் இருபது மீற்றர் மலை ஏறியிருப்பீர்கள்! மாதக் கடைசியில் 140 மீற்றர் குறைகிறது என்றால், மனம் இப்படிப்பட்ட மீற்றர்களைத் தேடித் திரியத் தொடங்குகிறது. இலக்கு என்னைச் சைக்கிளோட்டியாக்கவில்லை, கள்ளக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையாக்கியது.

குடும்பிமலையையும் விடவில்லை. 534 மீற்றர் உயரம், கிரான் பக்கமாகப் போனால் தூரத்தில் தலைப்பாகை கட்டியதுபோலத் தெரியும். ஆசையாகத்தான் போனேன். ஆனால் மலை உயரமாக இருந்தால் வீதியும் உயர வேண்டும் என்று சட்டமில்லையே. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே மட்டமாகப் போகும் பாதை மலையடியில் உங்களை இறக்கிவிடும். மிச்சம் காலால் ஏறவேண்டியது. அன்றைய சைக்கிள் ஏற்றம் நூறு மீற்றரைக்கூடத் தொடவில்லை. மலையேற விரும்புகிற சைக்கிளோட்டி மலையைப் பார்க்கக்கூடாது, வீதியைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்களுக்குக் கிடைக்கிற உண்மையான ஏற்றம் என்றால் வெல்லவாயவிலிருந்து எல்லவுக்குப் போகும் வீதி. ஏறத்தாழ 27 கிலோமீற்றர். வெல்லவாய கடல்மட்டத்திலிருந்து 200 மீற்றர் அளவில் இருக்கிறது, எல்ல 1041 மீற்றரில். கிட்டத்தட்ட 850 மீற்றர் ஏற்றம். முதல் பாதி உங்களைத் தடவிக் கொடுக்கும், இராவணன் அருவியை நெருங்கும்போது கழுத்தைப் பிடிக்கும். 2000 மீற்றர் என்றால் இந்த வீதியை மாதம் இரண்டு தடவைக்கு மேல் ஏறவேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து அங்கே போய்ச் சேரவும் வேண்டும். வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு இது நடக்காது. நீங்கள் மூன்று மாதம் தோற்றதற்குக் காரணம் சோம்பல் என்று எண்ண வேண்டாம், அது வெறும் புவியியல்.

இனி என் வழி. நான் மீற்றரை எண்ணுவதை விட்டுவிட்டேன். கால் ஊன்றிய தடவைகளை எண்ணுகிறேன். வெல்லவாயவில் மிதிக்கத் தொடங்கி எல்லச் சந்தி வரை, மூச்சுவாங்கி எத்தனை முறை தரையில் கால் வைத்தேன்? முதல் தடவை 17. அடுத்தது 11. பிறகு 6. கடைசியாகப் போனபோது 4. இந்த எண்ணை எந்தச் செயற்கைக்கோளும் கெடுக்க முடியாது. மலைக்குப் போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். எங்கள் பக்கத்துக்கு மரக்கறி கொண்டுவரும் லொறிகள் பண்டாரவளைப் பக்கம் வெறுமனே திரும்பும். எனக்குப் பழக்கமான சாரதி ஒருவர் சைக்கிளைப் பின்னால் போட்டு வெல்லவாயவில் இறக்கிவிடுவார். முதல் நாள் அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. “ஏன் தம்பி, இந்த லொறியும் எல்லவுக்குத்தானே போகிறது, பிறகு ஏன் இங்கே இறங்குகிறீர்கள்?” நல்ல பதில் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

மற்ற மாதங்களில் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். எங்களிடம் மலை இல்லை, ஆனால் கச்சான் இருக்கிறது. மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வந்து முகத்தைக் காயவைக்கும் அந்தக் காற்றை நாங்கள் எல்லோரும் திட்டித்தான் பழக்கம். மணிக்கு 20 கிலோமீற்றரில் கச்சான் எதிரே வீசும்போது நீங்கள் 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால், என் எடையுள்ள ஒருவருக்கு அது காற்றில்லாத நாளில் ஏறத்தாழ 2 சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றர் உயரும் வீதியில், ஏறுவதற்குச் சமம். செங்கலடியில் பதுளை வீதியில் திரும்பி கரடியனாறு தாண்டி உள்ளே போனால் பெரும்பாலும் நேர் எதிர்க்காற்று. ஜூன், ஜூலை மாதங்களில் என் இலக்கு இவ்வளவுதான்: மாதம் நான்கு முறை அந்த வீதியில் நாற்பது நிமிடம், கால் ஊன்றாமல், இருக்கையை விட்டு எழும்பாமல், வழக்கத்தைவிட ஒரு கியர் கனமாக வைத்து, மெதுவாக மிதிப்பது. திரும்பும்போது அதே காற்று பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். மலையிறக்கம் போல இலவசம். உங்களுக்கு அக்கரைப்பற்றிலிருந்து அம்பாறைப் பக்கம் மிதித்தாலே இது கிடைக்கும். அம்பாறையிலிருந்து உகணை வழியாக மகாஓயாவுக்குப் போகும் வீதி இன்னும் நல்லது, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருப்பதால் முழங்காலுக்கும் உபசாரம். ஆனால் இந்த உள்வீதிகளில் விடியலிலும் அந்தியிலும் யானை நிற்கும். வெயில் ஏறிய பிறகு உள்ளே போங்கள், பின்னேரம் நான்கு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். யானையைக் கண்டு ஊன்றிய காலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மலை இலக்கே வைக்காதீர்கள். மாரி எங்களை நனைக்கும் அதே மாதங்களில்தான் பதுளைச் சரிவுகளும் நனைகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்த மலைகளில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அந்த மாதங்களுக்கு என் இலக்கு பிரேக் கம்பியை மாற்றுவது, சங்கிலியைக் கழற்றிக் கழுவுவது. சிரிக்காதீர்கள், கடற்காற்றில் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். நான் அங்கே சைக்கிளில் இறங்குவதே இல்லை. பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். இறங்கத்தான் வேண்டும் என்றால் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிரேக்கை விடுங்கள். தொடர்ந்து உரசினால் சக்கர விளிம்பு சூடேறும்.

பெப்ரவரியும் மார்ச்சும் மலைக்குப் போக மிக நல்ல மாதங்கள். ஏப்ரலில் பின்னேர இடிமழை இருப்பதால் மதியத்துக்குள் எல்லவில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கியர் பற்றி ஒன்று. கடையில் “மலைக்கும் போகும்” என்று தரும் வண்டியை நம்பாதீர்கள், பற்களை எண்ணுங்கள். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்றால், 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர். 6 சதவீத ஏற்றத்தில் எனக்கு அது 125 வாட் அளவு வேலை, ஒரு மணித்தியாலம் தாங்கலாம். ஊரில் ஓடும் கியர் இல்லாத சாதாரண வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. நிமிடத்துக்கு ஐம்பது மிதியாகக் குறைத்தாலும் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியாக வேண்டும், அதே ஏற்றத்தில் இரண்டு மடங்கு வேலை. என் முதல் 17 தடவைகளில் பாதி கியரின் பிழை என்பது என் வாதம். வயிற்றின் பிழை என்பது மனைவியின் வாதம்.

ஆகவே அடுத்த மூன்று மாதங்களுக்கு நீங்கள் 2000 என்ற எண்ணை அழித்துவிட்டு, ஒரே ஒரு வீதியைத் தேர்ந்தெடுத்து, முதல் தடவை எத்தனை முறை கால் ஊன்றுகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அது இருபதாக இருந்தாலும் வெட்கமில்லை. அடுத்த தடவை அதில் இரண்டைக் குறைப்பது இலக்கு, அதற்கு மேல் வேண்டாம்.

என் இப்போதைய இலக்கு 3. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இராவணன் அருவியடியில் வேன்களும் ஓட்டோக்களும் படம் எடுக்கிறவர்களும் வீதியை அடைத்து நிற்பதால், எப்படிப் போனாலும் ஒருமுறை கால் ஊன்றியே ஆகவேண்டும். அது ஊன்றலில் சேராது, போக்குவரத்தில் சேரும் என்கிறேன் நான். நின்று ஓர் அவித்த சோளம் வாங்கித் தின்றால் அது ஊன்றல்தான் என்கிறாள் மனைவி. வழக்கு இன்னும் நடக்கிறது.