மிளகாய் இலைச் சுருட்டை: வீட்டில் கைக்குழந்தை இருந்தால்

மாடித்தொட்டி மிளகாய்ச் செடியின் இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால், அது பெரும்பாலும் சாறு உறிஞ்சும் நுண்பூச்சியான இலைப்பேன்தான். உரம் போட்டுத் தீராது. பங்குனி, சித்திரை வெயிலில் மாடிச் செடிகளில் மளமளவென்று பெருகும்.

உறுதிசெய்ய, வெள்ளைத்தாளின் மேல் ஒரு கொழுந்தைத் தட்டுங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை போன்ற பூச்சிகள் ஊர்ந்தால் அதுவேதான். இலை கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்தி எனப்படும், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய சிலந்திப்பேன்.

1. மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி அகற்றுங்கள். தொட்டியடியில் போடாதீர்கள்.
2. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்குங்கள். இல்லாவிட்டால் மிதக்கும், இலையும் கருகும்.
3. வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. பழைய சுருட்டை விரியாது. புதுக்கொழுந்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும். பாட்டிலைப் பூட்டி வையுங்கள், தெளிக்கும்போது குழந்தை மாடிக்கு வரவேண்டாம்.

இலை சிறுத்து, மஞ்சளாகி, செடி குட்டையாகக் கொத்துக்கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்தில்லை, வேரோடு பிடுங்கிவிடுங்கள்.