3,000 பவுண்டில் ஒரு த்ரில்லர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்' வெறும் 3,000 பவுண்டில் எடுக்கப்பட்டதாமே? எப்படி முடிந்தது? (வாசகர், தேனி)

பதில்: உண்மைதான். 1998-இல் வந்த லண்டன் குற்றக்கதை. சுமார் 70 நிமிடம். அதில் உழைத்தவர்கள் வாரநாளில் வேலைக்குப் போகும் நண்பர்கள். அதனால் சனிக்கிழமைதோறும் படப்பிடிப்பு, ஏறக்குறைய ஓராண்டு. வீடுகளும் தெரிந்தவர்களுடையவை.

பணத்தை விழுங்கியது 16 எம்.எம். ஃபிலிமும் அதைக் கழுவும் செலவும். 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஷாட்டுக்கு ஐந்து டேக் என்றால் 70 நிமிடப் படத்துக்கு 32 சுருள் வேண்டும். இரண்டே டேக் என்றால் 13 போதும். அதனால்தான் முழுக்கதையையும் மேடை நாடகம்போல ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். அந்தப் படத்தின் உண்மையான மூலதனம் இந்த ஒத்திகைதான். பெரிய திரைக்கு 35 எம்.எம். பிரதி போட்ட செலவு 3,000 பவுண்டில் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் எடுத்தது அழகுக்காகவா?

பதில்: அழகும் உண்டு, சிக்கனமும் உண்டு. ஒளியின் நிறத்தை கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின், வீட்டு குண்டு பல்பு 2,800. கலரில் இரண்டும் ஒரே ஃபிரேமில் வந்தால் ஒருபக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. சரிசெய்ய ஜன்னலுக்கு ஜெல் எனும் நிறத்தாள் ஒட்ட வேண்டும், விளக்கு வாடகைக்கு எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லையே கிடையாது. ஆளை ஜன்னலோரம் நிறுத்தினால் பாதி முகம் இருட்டில் போகும். குற்றக்கதைக்கு வேறென்ன வேண்டும்!

கேள்வி: நாங்களும் ஞாயிறுகளில் மட்டும் எடுக்கிறோம். கன்டினியுட்டி (ஷாட்டுக்கு ஷாட் தோற்றமும் ஒலியும் பொருந்துவது) உதைக்கிறதே?

பதில்: முதலில் உதைப்பது தலைமுடிதான். 'ஃபாலோயிங்' கதை காலம் மாறிமாறி நகரும். நாயகன் முதலில் பரட்டைத் தலை, பிறகு முடிவெட்டி கோட் சூட், பிறகு அடிபட்ட முகம். எந்தக் காலம் என்பதைத் தோற்றமே சொல்லிவிடும். நீங்கள் நீளமுடிக் காட்சிகள் அத்தனையையும் முடித்த பிறகே சலூனுக்கு அனுப்புங்கள்; ஒரு காட்சி விடுபட்டாலும் விக் செலவுதான். அன்றைய படப்பிடிப்பை முடித்து 'பேக்-அப்' சொல்லும் முன் ஒவ்வொருவரையும் முன்னாலும் பக்கவாட்டிலும் படமெடுத்து வையுங்கள்: சட்டைப் பொத்தான், வாட்ச் கட்டிய கை, காயத்தின் இடம். அறையை விட்டுக் கிளம்புமுன் யாரும் பேசாமல் 30 விநாடி ஒலிப்பதிவு செய்து, எடிட்டிங்கில் ஷாட்டுகள் ஒட்டும் இடங்களின் அடியில் ஓடவிடுங்கள். இல்லையென்றால் எடிட்டிங்கில் இரண்டு வாரத்து ஷாட்டுகளை ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஃபேன் சத்தம் வெட்டுப்படுவது காதில் விழும்.