இன்னும் ஒரே ஒரு ஆட்டம்: புதிர் கேம்கள் பற்றிக் கேள்வி பதில்

மொபைலிலும் கணினியிலும் விளையாடும் சின்னச் சின்னப் புதிர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பல வருடங்களாகச் சுடோகு கட்டங்கள் அமைத்து வருகிறேன் (ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில், ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை மட்டும் வரும்படி நிரப்பும் புதிர் அது). தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாள் முழுக்க மூளையைக் கசக்கிவிட்டு வருகிறேன். வந்ததும் போனை எடுத்துச் சுடோகுவில் உட்கார்ந்துவிடுகிறேன். இதுவும் யோசிக்கிற வேலைதானே, இதில் எப்படிக் களைப்புத் தீருகிறது?

பதில்: எனக்கும் இந்தச் சந்தேகம் வெகுநாள் இருந்தது. வேலையில் ஒரு சிக்கல் வந்தால் அதற்கு விடை இருக்கிறதா என்பதே தெரியாது. பாதி நாள் உழைத்த பிறகு "இது வேண்டாம்" என்று யாராவது சொல்லிவிடலாம். சுடோகுவில் அந்தப் பயம் இல்லை. முறையாக அமைத்த கட்டத்துக்கு விடை உண்டு, அதுவும் ஒன்றே ஒன்றுதான். அதை உறுதி செய்வது கட்டம் அமைப்பவரின் கடமை. விடை ஒன்றாகவே நிற்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்களை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். 16 போதாது என்பதை 2012-ல் டப்ளினில் கணித ஆய்வாளர் கேரி மெக்குவயரின் குழு கணினியில் தேடிப் பார்த்து நிறுவியது. உழைப்பு வீண்போகாது என்று முன்பே தெரிந்துவிட்டால் யோசிப்பதே சுகமாக இருக்கிறது.

கேள்வி: டெட்ரிஸைத் திறந்தால் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஏன் நிறுத்த முடியவில்லை?

பதில்: 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு அது. மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள். இன்றும் அதேதான். சரியாக அடுக்கிய வரிசை மறைந்துவிடும், தப்பாக வைத்தது மட்டும் கண்முன்னே நிற்கும். அதனால் திரையில் எப்போதும் இருப்பது பாதியில் நிற்கும் வேலை. கை தானாக அதை முடிக்கப் போகிறது. (முடிக்காத வேலைதான் நினைவில் அதிகம் தங்கும் என்று 1927-ல் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் எழுதினார். பின்னால் நடந்த சோதனைகளில் அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை, அதனால் அதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன்.) அப்புறம், ஆட்டம் முடியும்போது எந்தத் துண்டைத் தப்பாக வைத்தோம் என்று நமக்கே தெரியும். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் இழுக்கிறது. எத்தனை ஆட்டம் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தோற்ற சூட்டில் அந்த முடிவை எடுக்க முடியாது.

கேள்வி: வேர்டில் நாளுக்கு ஒன்றுதான் தருகிறது. பத்து தந்தால் என்ன?

பதில்: தரக்கூடாது என்பேன். ஜோஷ் வார்டில் தன் துணைக்காகச் செய்த விளையாட்டு அது. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்க ஆறு வாய்ப்பு, எந்த எழுத்து சரி என்பதை நிறச் சதுரங்கள் காட்டும், அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சொல். நீங்கள் திணறிய இடத்திலேயே உங்கள் தோழியும் திணறியிருப்பார். விடையைச் சொல்லாமல் நிறச் சதுரங்களை மட்டும் அனுப்பி அதைப் பேசிக்கொள்ளலாம். பத்து வந்தால் யார் எதைப் போட்டார் என்றே தெரியாது.

கேள்வி: ஒரே நிறத்தை மூன்றாகச் சேர்க்கும் கேமில் ஒரே ஒரு மூவ் குறைந்து தோற்கிறேன். காசு கட்டினால் கூடுதல் மூவ் தருகிறது. கட்டலாமா?

பதில்: அந்த நேரத்தில் கட்டாதீர்கள். மேலிருந்து என்ன விழும் என்பது உங்கள் கையில் இல்லை. மறுபடி ஆடினால் வேறு வரிசையில் விழும், சும்மாவே ஜெயித்தாலும் ஜெயிப்பீர்கள். மனது மிகவும் ஏங்கும் நொடி பார்த்துக் காசு கேட்பதுதான் எனக்கு இந்த வகையில் பிடிக்காதது. புதிர் அமைப்பவர் ஆடுபவரை மதிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: இதெல்லாம் ஆடினால் ஞாபகசக்தி கூடுமா?

பதில்: அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அதற்குமேல் வாக்குக் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். மூளைப்பயிற்சி விளையாட்டுகள் விற்ற லூமோசிட்டி, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது என்ற புகாரில் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. பிடித்திருக்கிறதா, ஆடுங்கள். அது போதுமான காரணம்.

கேள்வி: மைன்ஸ்வீப்பரில் கடைசி இரண்டு கட்டத்தில் வெடித்துவிடுகிறது. என் தப்பா?

பதில்: பல நேரம் இல்லை. சுற்றியுள்ள எண்களைப் பார்த்து, கண்ணிவெடி இல்லாத கட்டங்களை மட்டும் திறக்கும் விளையாட்டு அது. பெரிய பலகையில் 480 கட்டங்களுக்குள் 99 கண்ணிவெடிகள். எவ்வளவு யோசித்தாலும் பாதிக்குப் பாதி என்று நிற்கும் இடங்கள் வரும். ஊகிக்கவே தேவையில்லாத பலகைகள் தரும் வகைகளும் இருக்கின்றன, அவற்றைத் தேடி ஆடுங்கள். இதற்கு நேர் எதிர், தனியாக ஆடும் சீட்டு விளையாட்டான ஃப்ரீசெல். பழைய விண்டோஸில் வந்த 32,000 ஆட்டங்களில் தீர்க்க முடியாதது 11982 என்ற ஒன்று மட்டும்தான். மற்ற எதில் தோற்றாலும் வழி இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. அந்த எண் தெரிந்த பிறகு நான் எந்த ஆட்டத்தையும் பாதியில் விட்டதில்லை.

கேள்வி: சுடோகுவில் குறிப்பு பார்ப்பது ஏமாற்று வேலையா அக்கா? எனக்கு எழுபது வயது, இப்போதுதான் கற்கிறேன்.

பதில்: இல்லவே இல்லை அம்மா. பார்த்த பிறகு அந்த எண் ஏன் அங்கே வந்தது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். அப்புறம், கடிகாரத்தை அணைத்துவிடுங்கள், அவசரமே வேண்டாம். சிக்கிக்கொண்டால் "இந்தக் கட்டத்தில் என்ன எண்?" என்று கேட்பதை விட்டு, "இந்த ஒன்பது கட்டங்களுக்குள் 7 எங்கே உட்கார முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கட்டம் அதிலேயே திறந்துவிடும்.