பிளேன்டீ ஆறும் கணக்கு

கேள்வி: பிளேன்டீ ஆறுவதை அளந்தேன், சேர். தொடக்கத்தில் 82 பாகை, 10 நிமிடத்தில் 50, 20இல் 34. மூன்றுக்கும் ஒரு பரவளைவு (இருபடிச் சார்பின் வளைகோடு) பொருந்துகிறது. சரிதானே?
– உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: புள்ளிகளுக்குச் சரி மகள், தேநீருக்குச் சரியில்லை. உன் பரவளைவில் 40ஆம் நிமிடத்தைப் போட்டுப் பார்: மறுபடியும் 50 பாகை! தானாகச் சூடேறும் தேநீர் எங்கள் தோட்டத்து லயத்தில் இருந்திருந்தால், அம்மா விடியற்காலையில் ஈர விறகோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்.

அறை வெப்பநிலையை ஏன் எழுதவில்லை? ஹட்டன் குளிருக்கு 18 என்று வைத்துக் கழி: 64, 32, 16. பத்து நிமிடத்துக்கொருமுறை பாதியாகிறது. நியூட்டனின் குளிரல் விதிதான்: சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடோ, அதற்கேற்ற வேகத்தில் ஆறும். அப்படியானால் சார்பு பரவளைவு அல்ல, சம நேரத்தில் சம விகிதத்தில் குறையும் அடுக்குக்குறிச் சார்பு. கழித்து வந்தவற்றின் மடக்கையை வரைபுத்தாளில் குறி, நேர்கோடு வரும். 30ஆம் நிமிடத்தில் 26 வருகிறதா என்று அளந்து எழுது. அறை வெப்பநிலையையும் சேர்த்து!