விலாங்கு பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், ஆற்றில் பிடிக்கிற விலாங்கில் ஒருமுறைகூட முற்றிய சினையைப் பார்த்ததில்லையே, ஏன்?

பதில்: பார்க்க முடியாது. விலாங்கு ஆற்றில் வளரும், முட்டையிடுவதோ நடுக்கடலில். குஞ்சு இலைபோலத் தட்டையாக, கண்ணாடிபோல இருக்கும். நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து, கரை நெருங்கும்போது உடல் உருண்டு, முகத்துவாரம் வழியாக ஆற்றில் ஏறும். அப்புறம் பல வருஷம் நண்டு, தவளை, சிறுமீன் என்று தின்று கொழுத்துவிட்டுக் கடலுக்கே திரும்பும். சினை முற்றுவது அந்தக் கடைசிப் பயணத்தில்தான். ஒரே தடவை முட்டையிட்டுச் செத்துவிடும். மனநல மேதை ஃபிராய்டு மாணவராக இருந்தபோது, 1876-இல் திரியெஸ்ட் நகரில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து ஆணின் விதைப்பையைத் தேடினார். தீர்மானமாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஜப்பான் விலாங்கின் முட்டையைக் கடலில் எடுத்ததே 2009-இல்தான், மரியானா தீவுகளுக்கு மேற்கே.

கேள்வி: ஆரலும் விலாங்கும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஆரலுக்கு முதுகில் வரிசையாக முள் உண்டு, மூக்கும் கூராக நீண்டிருக்கும். விலாங்கின் முதுகில் முள் கிடையாது. முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி அடிப்பக்கம் வரை ஒரே ஓட்டமாகப் போகும். நம் ஆறுகளில் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக ஒரு வகை, திட்டே இல்லாமல் ஒரு வகை.

கேள்வி: தொட்டால் ஷாக் அடிக்குமா அண்ணே?

பதில்: அடிக்காது. ஷாக் அடிப்பது தென் அமெரிக்க மீன். பெயரில்தான் விலாங்கு, உறவு முறையில் கெளுத்திக்குப் பக்கம்.

கேள்வி: விலாங்கு ரத்தம் விஷம் என்கிறார்களே, சாப்பிடலாமா?

பதில்: பச்சை ரத்தத்தில் நச்சு இருப்பது உண்மை. நன்றாக வேகவைத்தால் போய்விடும், பயமில்லாமல் குழம்பு வையுங்கள். கழுவும்போது கண்ணிலும் புண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேள்வி: ஆற்றோடு தொடர்பே இல்லாத குளத்துக்கு எப்படி வந்தது?

பதில்: மழை ராத்திரியில் ஈரத் தரையில் ஊர்ந்து வந்திருக்கும். தோல் ஈரமாக இருக்கும்வரை தோலாலேயே மூச்சுவிடும்.

கேள்வி: அப்படியென்றால் அணையையும் ஏறிவிடுமா?

பதில்: பொடிக்குஞ்சு ஈரமான தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறும். மேட்டூர் போன்ற அணை வேறு கதை. தப்பித்தவறி மேலே போனாலும், வளர்ந்தபின் கடலுக்கு இறங்கும்போது மதகிலும் மின்நிலைய விசையாழியிலும் அடிபடும்.

கேள்வி: பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்தால் என்ன?

பதில்: ஜப்பானில் 2010-இல் ஆய்வகத்தில் இரண்டாம் தலைமுறை வரை பொரிக்க வைத்தார்கள். செலவு பயங்கரம். அதனால் விலாங்குப் பண்ணைகள் இன்றும் பெரும்பாலும் முகத்துவாரத்தில் பிடித்த குஞ்சையே வாங்கி வளர்க்கின்றன.