ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் தேவை? – கேள்வி பதில்

கேள்வி: பல ஆய்வுத் திட்டங்களில் மாதிரி அளவு 384 என்றே காண்கிறேன். நானும் அதையே எடுத்துக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: எதை அளக்கப்போகிறீர்கள் என்பது தெரியாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோயின் பரவல் (மக்களில் அந்நோய் உள்ளவர்களின் விகிதம்) 50 விழுக்காடு என்று கொண்டு, அதை 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன், இருபுறமும் 5 விழுக்காட்டுப் பிழை வரம்புக்குள் மதிப்பிட விரும்பினால், அந்த நம்பிக்கை அளவுக்குரிய எண்ணான 1.96இன் வர்க்கத்தை 0.5 × 0.5ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுக்கும்போது 384.16 வருகிறது, முறைப்படி அதை 385 என்று உயர்த்தியே எழுத வேண்டும். உங்கள் நோயின் பரவல் 2 விழுக்காடு என்றால், 5 விழுக்காட்டுப் பிழை வரம்பு அந்த மதிப்பையே விழுங்கிவிடும். பிழை வரம்பை 0.5 விழுக்காடாகக் குறைத்தால் 3,012 பேர் தேவைப்படுவர்.

கேள்வி: இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுகிறேன். எதிர்பார்க்கும் வேறுபாட்டை எவ்வாறு முடிவுசெய்வது?

பதில்: மாதிரி அளவுக் கணக்கில் மருத்துவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய பகுதி இதுதான், இதைப் புள்ளியியலாளரிடம் தள்ளிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நோயாளிக்குப் பயன் தந்தது என்று நீங்கள் மனமார ஏற்கும் மிகச் சிறிய வேறுபாடு எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் நேரும் விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆகக் குறைவதைக் கண்டறிய, 5 விழுக்காட்டு முதல் வகைப் பிழையும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 விழுக்காட்டு ஆய்வுத் திறனும் (உண்மையில் உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் வாய்ப்பு) கொண்டால், ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 355 பேர் போதும். ஆனால் 35 ஆகக் குறைவதைக் கண்டறிய ஏறத்தாழ 1,470 பேர் வேண்டும். வேறுபாடு பாதியானால் தேவை நான்கு மடங்காகிறது என்பதால்தான், கைக்கு எட்டும் எண்ணிக்கை வரும்வரை வேறுபாட்டைப் பெரிதாக்கும் சபலம் பலருக்கும் எழுகிறது. அதன் விலையை நோயாளிகளே கொடுக்கிறார்கள். ஃப்ரைமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பலன் காட்டாத 71 மருத்துவச் சோதனைகளை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் 50 சோதனைகள் 50 விழுக்காட்டு முன்னேற்றத்தைக்கூடத் தவறவிடும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்கும் மேல் இருந்ததைக் காட்டியது. பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட சிகிச்சைகளில் சில உண்மையில் பயன் தந்திருக்கலாம்.

கேள்வி: 20 விழுக்காட்டினர் இடையில் விலகுவர் என்று எதிர்பார்க்கிறேன். 20 விழுக்காட்டைக் கூட்டினால் போதுமா?

பதில்: போதாது, 0.8ஆல் வகுக்க வேண்டும். இறுதியில் 200 பேர் வேண்டுமானால் 250 பேரைச் சேர்க்க வேண்டும். 240 பேரைச் சேர்த்தால் 192 பேரே மிஞ்சுவர்.

கேள்வி: எனக்குக் கிடைக்கக்கூடியவர்கள் 60 பேர்தான். ஆய்வைக் கைவிட வேண்டுமா?

பதில்: கணக்கைத் திருப்பிப் போடுங்கள். குழுவுக்கு 30 பேர் என்றால், 80 விழுக்காட்டுத் திறனுடன் கண்டறியக்கூடியது திட்டவிலக்கத்தில் (அளவீடுகள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) ஏறத்தாழ முக்கால் பங்கு அளவுள்ள வேறுபாடு மட்டுமே. அது உங்கள் துறையில் நம்பத்தக்கதாக இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் வேறு மையங்களுடன் சேர்ந்து நடத்தலாம், அல்லது முன்னோட்ட ஆய்வு என்று வெளிப்படையாக அறிவித்து நடத்தலாம். விடை தர இயலாது என்று முன்பே தெரிந்த ஆய்வில் நோயாளிகளைச் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஆய்வு முடிந்துவிட்டது, வேறுபாடு எதுவும் நிறுவப்படவில்லை. கிடைத்த தரவைக் கொண்டே ஆய்வுத் திறனைக் கணக்கிடுமாறு கட்டுரை மதிப்பாய்வாளர் கேட்கிறார்.

பதில்: அவ்வாறு கணக்கிடும் திறன், நீங்கள் ஏற்கெனவே தந்துள்ள பி-மதிப்பின் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இத்தகைய அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு) மறுவடிவமே, புதிய செய்தி எதையும் அது தராது. வேறுபாட்டின் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளியை, அதாவது உங்கள் தரவுடன் பொருந்தும் மதிப்புகளின் எல்லையை, கொடுங்கள். ஆய்வு தொடங்கும் முன் நீங்கள் முக்கியமெனக் குறித்த வேறுபாடு அந்த இடைவெளிக்குள் அடங்கியிருந்தால், கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். அடங்காமல் வெளியே நின்றால், அத்தகைய பயன் இருக்க வாய்ப்பில்லை என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.